முடுக்கியாச்சு, பார்த்தாச்சு

எங்கள் கடையைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

கீழே டயர் கடை, மேலே வீடு. கடை அப்பாவுடையது. பெரியண்ணாவும் சின்னண்ணாவும் சக்கரம் கழற்றி மாட்டுகிறார்கள். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசி, வண்டிச் சாவியை வாங்கி ஆணியில் மாட்டி, வேலை முடிந்ததும் எடுத்துக் கொடுப்பேன். சாயங்காலம் வகுப்புக்குப் போவேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் திறந்திருக்கும் பெரிய டயர் ஷோரூமில் சேரப்போவதாகச் சின்னண்ணா சாப்பிடும்போது சொன்னான். "ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு உனக்குக் காட்டினதே நான்தான்டா" என்று பெரியண்ணா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அது போன வாரம். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

வேலை மட்டும் நடந்தது.

"குட்டி, அந்த ஜாக்கியை இப்படித் தள்ளச் சொல்லு" என்பார் பெரியண்ணா. ஜாக்கி சின்னண்ணாவின் காலடியில் கிடக்கும்.

"குட்டி, ஜாக்கி என் மடியில உட்கார்ந்திருக்கலைன்னு சொல்லு. வந்து எடுத்துக்கச் சொல்லு" என்பான் சின்னண்ணா.

கையை நீட்டினால் ஒருவரை ஒருவர் தொடலாம். நடுவில் நான் ஒருத்தி, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டு. முதல் இரண்டு நாள் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அப்பா கடை தொடங்கிய நாளிலேயே வைத்தது.

புது டயர் போட்ட சக்கரத்தை மாட்டி, வண்டியை ஜாக்கியிலிருந்து தரையில் இறக்கியதும், நீளக் கைப்பிடி வைத்த ஸ்பேனரால் ஒவ்வொரு நட்டையும் முடுக்க வேண்டும். போதுமான இறுக்கம் வந்ததும் அந்த ஸ்பேனர் 'க்ளிக்' என்று சத்தம் கொடுக்கும். முடுக்கியவர் எழுந்து நின்று, கடை முழுக்கக் கேட்கும்படி "முடுக்கியாச்சு!" என்று கத்த வேண்டும். அதைக் கேட்டு இன்னொருவர் வந்து, அதே ஸ்பேனரை மறுபடி எல்லா நட்டிலும் போட்டு அழுத்திப் பார்த்து, மஞ்சள் பெயிண்டால் அடையாளம் வைத்து, "பார்த்தாச்சு!" என்று கத்த வேண்டும். முடுக்கியவரே அடையாளம் வைக்கக் கூடாது. இரண்டு கத்தலும் காதில் விழுந்தால்தான் நான் சாவியை எடுப்பேன்.

எங்கள் கடையில் முடுக்குவது சின்னண்ணா. அடையாளம் வைப்பது பெரியண்ணா. அவர் வைப்பது கோடு: நட்டின் விளிம்பில் ஆரம்பித்துச் சக்கரத்தின் வட்டு வரைக்கும் ஒரு கோடு இழுப்பார். நட்டு கொஞ்சம் கழன்றாலும் கோடு உடைந்து தெரியும். அவருக்கு எதைப் பார்த்தாலும் கோடுதான். மின்விசிறியின் திருகாணியில் கோடு, அடுப்புக் குமிழில் கோடு, குளியலறைக் குழாயில் கோடு. "என் நெத்தியிலயும் ஒண்ணு இழுத்துடுவார், நான் நகர்ந்தேனா இல்லையான்னு பார்க்க" என்று அண்ணி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அப்பாவும் முன்பெல்லாம் அடையாளம் வைப்பார். அவருக்குக் கை நடுக்கம். கோடு இழுக்க வராது. நட்டின் நடுமண்டையில் ஒரு புள்ளி வைப்பார், அவ்வளவுதான்.

பேச்சு நின்றதும் கத்தலும் நின்றுவிட்டது. கத்துவதும் பேசுவதுதானே. சின்னண்ணா முடுக்கிவிட்டு ஸ்பேனரை 'டங்'கென்று தரையில் போடுவான். அந்தச் சத்தம் கேட்டுப் பெரியண்ணா வருவார். கோடு போட்டுவிட்டுப் போவார். நான் காதை விட்டுவிட்டுக் கண்ணை நம்பத் தொடங்கினேன். சக்கரத்தில் மஞ்சள் தெரிந்தால் சாவி.

நேற்று டீச்சர் வந்தார்.

டீச்சர் எங்கள் பழைய வாடிக்கை. எதையும் சும்மா வாங்க மாட்டார். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் தேதியைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படிப்பார். "இது போன வருஷத்துச் சரக்கு. எனக்கு இந்த வருஷத்தது வேணும்" என்பார். மழையில் வழுக்குமா, சத்தம் போடுமா, எத்தனை நாள் வரும் என்று வகுப்பில் கேட்பது போலவே கேட்பார். பதில் பிடித்திருந்தால் தலையை ஆட்டுவார். அந்தத் தலையாட்டலுக்காகவே சின்னண்ணா இரண்டு முறை பதில் சொல்வான்.

"முன்னாடி ரெண்டும் மாத்திடுங்க. நாளைக்கு விடியக்காலை தங்கச்சி வீட்டுக்குப் போறேன், தூரப் பயணம்" என்றார். பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்த ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, உங்க கடையில ஒரு கத்தல் கேக்குமே. அதுக்காகத்தான் நான் வேற எங்கேயும் போறதில்ல. இன்னிக்கு என்ன, துக்க வீடு மாதிரி இருக்கு?"

"அண்ணனுங்களுக்குத் தொண்டை சரியில்ல டீச்சர்" என்றேன்.

"ரெண்டு பேருக்குமா?"

"ஒரே வீடு இல்லையா டீச்சர். ஒட்டிக்கிச்சு."

டீச்சர் சிரித்தார். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா சிரிக்கவில்லை. அப்பாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். வாடிக்கையாளர் முன்னால் வீட்டுச் சண்டை தெரிவதைவிட அவருக்கு அவமானம் வேறு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நூறு முறையாவது மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை நானே சேர்த்துக்கொள்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

சின்னண்ணா வண்டியை இறக்கி வலது சக்கரத்தை முடுக்கினான். இடது பக்கம் போவதற்குள் வாசலில் ஒரு வேன் வழியை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தது. ஸ்பேனரை மெதுவாகச் சாய்த்து வைத்துவிட்டு, வேனை ஓரம் கட்ட வெளியே போனான். 'டங்' சத்தம் வரவில்லை. அதனால் பெரியண்ணா உள்ளறையிலிருந்து வரவில்லை. டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பா எழுந்தார். பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு, தூணைப் பிடித்தபடி குனிந்தார். இரண்டு சக்கரத்தின் நட்டுகளிலும் புள்ளி வைத்தார்.

வேலை முடிந்து பெயிண்ட் மட்டும்தான் பாக்கி என்று அப்பா நினைத்திருப்பார். திரும்பி வந்த சின்னண்ணா வாசலிலிருந்தே சக்கரத்தில் மஞ்சளைப் பார்த்தான்; கோடா புள்ளியா என்று குனிந்து பார்க்கவில்லை. இடது பக்கத்தையும் அண்ணனே முடுக்கிப் பார்த்துவிட்டதாக நினைத்திருப்பான். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. நான் மஞ்சளைப் பார்த்துச் சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

"நல்லா இருங்க" என்று டீச்சர் எங்கள் எல்லாரையும் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை கடை திறந்ததும் தொலைபேசி அடித்தது. நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியண்ணா எடுத்தார்.

"சொல்லுங்க டீச்சர்... முன்னாலயா?... என்ன மாதிரிச் சத்தம்?... டக் டக்குன்னா..." பேசிக்கொண்டே சின்னண்ணாவின் முதுகைப் பார்த்தார். சின்னண்ணா பஞ்சர் பார்க்கும் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். பெரியண்ணாவின் வாய் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது. "புது டயர் டீச்சர், வரிப்பள்ளத்துல கல்லு மாட்டியிருக்கும். கொஞ்சம் ஓடினா தானா விழுந்துடும். பயப்படாதீங்க."

தொலைபேசியை வைத்தார்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?" என்றேன்.

"ஏதோ சத்தமாம்." பிறகு, "அவன்கிட்ட கேளு..." என்று ஆரம்பித்தார். அதற்குள் ஒரு டாக்சிக்காரர் வண்டியை உள்ளே கொண்டுவந்து, "அண்ணே, பின்சக்கரம் ஒரே ஆட்டம், கொஞ்சம் பாருங்க" என்றார். பெரியண்ணா அவர் பக்கம் திரும்பிவிட்டார். என்ன கேட்க வேண்டும் என்று நானும் திரும்பக் கேட்கவில்லை.

டாக்சியின் சக்கரம் கழன்று தரையில் கிடக்கும்போதுதான் ஜீப் வந்தது.

இறங்கியவர் வயதான போலீஸ் அதிகாரி. சத்தம் போடுகிற ஆள் இல்லை. கடையின் பெயர்ப் பலகையை ஒரு முறை படித்துவிட்டு உள்ளே வந்தார்.

"நேத்து டீச்சர் ஒருத்தரோட வண்டிக்கு முன் டயர் மாத்தினது இங்கதானா?"

"ஆமா சார்" என்றேன். "என்ன ஆச்சு சார்?"

"சக்கரம் கழண்டுடுச்சு. இடது முன்சக்கரம்."

தொட்டியில் குழாய்த் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"டீச்சருக்குக் கை உடைஞ்சிருக்கு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. பேசுறாங்க, அவங்கதான் கடை பேரைச் சொன்னாங்க." அதிகாரி தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ஆனா கழண்ட சக்கரம் சும்மா விழல. உருண்டுபோய் பஸ்ஸுக்கு நின்ன ஒரு ஆளை அடிச்சிடுச்சு. தையல்காரராம். ஆஸ்பத்திரியில இருக்கார்."

"எப்படி இருக்கார் சார்?" பெரியண்ணாவின் குரல்.

"கால் ரெண்டும் போச்சு. மத்தது டாக்டர்தான் சொல்லணும்."

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்தவர் தூண் வரைதான் நடந்தார்.

அதிகாரி சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே இரண்டு நட்டு.

"ரோட்டுல கிடைச்சுது. மத்ததைத் தேடுறாங்க. இதுல மஞ்சளா ஏதோ இருக்கே, அது என்ன?"

நட்டின் நடுமண்டையில் ஒரு புள்ளி இருந்தது. உருண்டையாக, கொஞ்சம் வழிந்து, அப்பாவின் கை நடுங்கிய பக்கமாக.

நான் பார்த்தேன். பெரியண்ணா வந்து என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். சின்னண்ணாவும் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தான். பார்த்ததும் அவன் தலை அப்பாவின் பக்கம் திரும்பப் போனது. பாதியில் நின்றது.

அந்தப் புள்ளி எங்கள் நான்கு பேருக்கும் படிக்கத் தெரிந்த எழுத்து. அதிகாரிக்கு அது வெறும் பெயிண்ட்.

"அது அடையாளம் சார்" என்றேன். "நட்டெல்லாம் சரியா முடுக்கியிருக்கான்னு பார்த்த பிறகு வைக்கிறது."

"அப்ப யாரோ பார்த்துட்டு வெச்சிருக்காங்க."

"ம்."

"யாரு?"

சின்னண்ணா முன்னால் வந்தான். "முடுக்க வேண்டியது நான் சார். இடது பக்கம்... முடுக்கினேனான்னு... வேன் ஒண்ணு வந்துச்சு, அதை ஓரம் கட்டப் போனேன். திரும்பி வந்து பார்த்தா மஞ்சள் இருந்துச்சு. அதனால..."

"அதனால நீ முடுக்கல."

"முடுக்கல சார்."

"மஞ்சளைப் பார்த்தா முடுக்க வேணாமா?"

"பார்த்தவரு முடுக்கிப் பார்த்திருப்பார்னு..." அவனால் முடிக்க முடியவில்லை.

"அதான் கேக்குறேன். பார்த்தவரு யாரு?"

நான் அப்பாவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முயன்றால் கண் அங்கேதான் போகிறது. அப்பா தூணைப் பிடித்திருந்தார், நேற்றுப் பிடித்த அதே இடத்தில். உதடு லேசாகப் பிரிந்திருந்தது. இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அப்பா சொல்லிவிடுவார். இத்தனை வருஷம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஒரு மூச்சு விடும் நேரம்தான் ஆகியிருக்கும்.

"நான் சார்" என்றார் பெரியண்ணா.

அதிகாரி திரும்பினார்.

"அடையாளம் வைக்கிறது என் வேலை. நான்தான் வெச்சேன். அழுத்திப் பார்க்காம வெச்சுட்டேன்." பெரியண்ணா நிதானமாகத்தான் பேசினார். "காலையில டீச்சர் ஃபோன் பண்ணாங்க. சத்தம் வருதுன்னு சொன்னாங்க. வண்டியை நிறுத்துங்கன்னு நான் சொல்லியிருக்கணும். கல்லு மாட்டியிருக்கும்னு சொன்னேன். அதுவும் நான்தான்."

"அதை டீச்சரும் சொன்னாங்க" என்றார் அதிகாரி. அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அண்ணா" என்றான் சின்னண்ணா.

ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் அண்ணனைக் கூப்பிட்ட முதல் வார்த்தை அது.

"நீ சும்மா இருடா" என்றார் பெரியண்ணா. அது அவருடைய முதல் வார்த்தை.

அதிகாரியின் தொலைபேசி அடித்தது. வாசல் பக்கம் போய்ப் பேசினார். எனக்கு அவர் முதுகு மட்டும் தெரிந்தது. "எப்போ?" என்றார். பிறகு "சரி" என்றார். பிறகு இன்னொரு தடவை "சரி."

திரும்பி வந்து, மேஜைமேல் வைத்திருந்த தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"போயிட்டார்" என்றார்.

டாக்சிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். யாரென்றே தெரியாத மனிதருக்காக அவர்தான் முதலில் அப்படிச் செய்தார். நாங்கள் யாரும் செய்யவில்லை. நாங்கள் எங்களைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தையல்காரர் வீட்டில் இந்நேரம் யாராவது அவருக்காகச் சோற்றை மூடி வைத்திருப்பார்கள் என்பது வெகு நேரம் கழித்துத்தான் எனக்குத் தோன்றியது.

"இப்ப இது வேற கேஸ்" என்று அதிகாரி பெரியண்ணாவிடம் சொன்னார். "யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க சொன்னதையேதானே எழுதச் சொல்றீங்க?"

பெரியண்ணா யோசித்தார். அவர் கண் ஒரே ஒரு முறை தூணுக்குப் போய் வந்தது. அங்கே ஒரு சொல் கிடைக்குமா என்று தேடியது போல இருந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதையே எழுதுங்க சார்."

"கிளம்புங்க." சின்னண்ணாவைப் பார்த்து, "நீ நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்கு வா." பிறகு என்னிடம், "சாவி கொடுத்தது நீங்கதானேம்மா? நீங்களும் வாங்க. அடையாளம் யார் வெச்சதுன்னு நீங்க பார்த்ததை நீங்க சொல்லணும்."

"நான் உள்ளே... கண்ணாடிக்குப் பின்னால..."

"கண்ணாடி வழியாத் தெரியும் இல்ல?"

தெரியும். நேற்றுத்தான் நான் அதைத் துடைத்தேன்.

ஜீப் சத்தம் கேட்டு அண்ணி மேலிருந்து இறங்கி வந்தார். கையில் கரண்டி இருந்தது. பெரியண்ணா ஜீப்பில் ஏறும்போது "அடுப்பை அணைச்சிட்டு வந்தியா?" என்று மட்டும் கேட்டார். அண்ணி தலையாட்டினார். வண்டி போய்விட்டது.

நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் யாருடையதோ போல இருந்தது. அண்ணி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"நட்டுல என்ன இருந்துச்சு குட்டி? கோடா?"

சின்னண்ணா தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணி அப்பாவின் முன்னால் போய் நின்றார். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் அப்பாவின் நேர் எதிரே நின்று அவர் பேசி நான் பார்த்ததில்லை.

"மாமா, அவருக்குப் புள்ளி வைக்கத் தெரியாது."

அப்பா தூணை இறுக்கிப் பிடித்தார்.

"வீடு பூரா கோடு போட்டு வெச்சிருக்கார் மாமா. ஒரு இடத்துல புள்ளி காட்டுங்க."

"அவனே சொல்லிட்டானேம்மா." என்றார் அப்பா. "இப்ப நான் போய் மாத்திச் சொன்னா, அவன் போலீஸ்கிட்ட பொய் சொன்னதா ஆயிடாதா? அது அவனுக்குத்தானே கெடுதல்?"

"அப்ப அந்தப் பொய் நிஜமாவே இருந்துட்டுப் போகட்டும்ங்கிறீங்களா?"

"நான் கெட்ட எண்ணத்துல வைக்கலம்மா. வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அந்தம்மா கடிகாரத்தைப் பார்த்துட்டே இருந்தாங்க. ரெண்டு பசங்களும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நிக்கிறதை அவங்க பார்த்துட்டு... எனக்கு மானம் போச்சும்மா."

"மானம்" என்றார் அண்ணி. அந்த ஒரு சொல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது போலச் சொன்னார். பிறகு கரண்டியை என் மேஜைமேல் வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, ஜீப் போன பக்கம் நடந்தார்.

"அண்ணி, நானும் வரேன்" என்றேன்.

"நீ நாளைக்கு வா" என்றார், திரும்பாமல்.

வகுப்புக்குப் போக வேண்டும் என்பது நினைவுக்கு வந்து, உடனே மறந்தும் போனது.

பெஞ்சிலிருந்து டாக்சிக்காரர் தயங்கித் தயங்கி எழுந்தார்.

"தப்பா நினைக்காதீங்க. இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். என் வண்டிக்கு மூணு சக்கரம்தான் இருக்கு. தள்ளிட்டுப் போகக்கூட முடியாது."

சின்னண்ணா போய் டாக்சியின் அருகே உட்கார்ந்தான். சக்கரத்தைத் தூக்கி மாட்டினான். வண்டியை இறக்கினான். ஸ்பேனரைப் போட்டு அழுத்தினான். க்ளிக். எதிர் மூலை நட்டுக்குப் போனான். க்ளிக். அவன் அவ்வளவு மெதுவாக முடுக்கி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு க்ளிக்குக்கும் கண்ணை மூடிக்கொண்டான்.

எழுந்து நின்றான். முதுகை நிமிர்த்தி, கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"முடுக்கியாச்சு!"

பதில் சொல்ல ஆள் இல்லை. பதில் சொல்கிறவர் ஜீப்பில் போய்விட்டார்.

"முடுக்கியாச்சு!" இரண்டாவது முறை அவன் குரல் நடுவிலேயே உடைந்தது.

டாக்சிக்காரர் என்னைப் பார்த்தார். சாவி என் கையில் இருந்தது. எப்போது ஆணியிலிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன்.

"அப்பா. நீங்க வந்து பாருங்க" என்றேன். "பார்த்துட்டு, சத்தமா சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் சாவி கொடுப்பேன்."

அப்பாவிடம் நான் அப்படிப் பேசியதில்லை. டாக்சிச் சாவிக்காக மட்டும் நான் கேட்கவில்லை என்பது அவருக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. புரிந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பா தூணை விட்டார். நடந்து வந்தார். குனிய முடியாதவர், ஒரு கையைத் தரையில் ஊன்றி மண்டியிட்டே உட்கார்ந்தார். சின்னண்ணாவிடமிருந்து ஸ்பேனரை வாங்கி ஒவ்வொரு நட்டாக அழுத்தினார். க்ளிக். க்ளிக். ஒன்றையும் விடவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இது நேற்று நடந்திருக்க வேண்டியது என்று நினைத்தேன். அப்பா நாளைக்கு என்னுடன் வருவார் என்றும் நினைத்தேன்.

அப்பா பெயிண்ட் டப்பாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். தூரிகையை நனைத்தார். நடுங்கும் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

நட்டின் விளிம்பில் தொடங்கி, வட்டு வரைக்கும், நெளிந்து நெளிந்து, ஒரு கோடு இழுத்தார்.

அடுத்த நட்டிலும் கோடு. அதற்கடுத்ததிலும்.

சின்னண்ணா என்னைப் பார்த்தான். நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் நினைவு தெரிந்து அப்பா ஒரு நட்டில் கோடு போட்டதே இல்லை. நாளைக்கு யார் வந்து கேட்டாலும், இந்தக் கடையில் புள்ளி வைக்கிற ஆள் இல்லை.

அப்பா மண்டியிட்டபடியே தலையை உயர்த்தி, என் கண்ணை நேராகப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"பார்த்தாச்சு!"